கம்பியும் சேர்த்துத்தான் எடை

14

போன வாரம் சுடலைவடிவு போட்ட சத்தத்தில் வண்ணார்பேட்டையில் பாதித் தெரு வாசலுக்கு வந்து நின்றது, மறந்திருக்க மாட்டீர்கள். "இந்த ஞாயித்துக்கிழமையோட ஒரு முடிவு தெரியணும்ட்டி. மொத ஆளா வந்தியா, உன் இஷ்டத்துக்குத் தூக்கு. வரலியா, வாய மூடிக்கிட்டுச் சித்தி கூடத் திருப்பூருக்குப் போயி பனியன் தை!" என்று மகள் செல்வமணிக்குக் கெடு வைத்தாளே, அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்துவிட்டது.

செல்வமணிக்கு இருபது வயது. பகலெல்லாம் ஜங்ஷனில் ஒரு எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்து அடுத்தவர்கள் துபாய்க்கும் பம்பாய்க்கும் அழுவதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். வாரத்தில் மூன்று சாயங்காலம் மட்டும் வீட்டுப் புறவாசலில் முக்கால் மணி நேரம் எடை தூக்குவாள்.

மூன்றே மூன்று வேலைதான். சுமையைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவாள். பலகையில் படுத்து நெஞ்சுக்கு மேலே தள்ளுவாள். குனிந்து தரையிலிருந்து தூக்குவாள். ஒவ்வொன்றும் ஐந்து சுற்று, சுற்றுக்கு ஐந்து தடவை. வாரா வாரம் கொஞ்சம் மணல் கூடும். தூக்கிப் பழகாத எடையை எடுப்பதில்லை, பழகிய எடையை விடுவதில்லை. நடுவே ஒரே ஒரு தடவை தவிர, எட்டு மாதமாக இதில் ஒரு மாற்றமும் கிடையாது.

அண்ணன் இசக்கிதுரைக்குத்தான் இது பொறுக்கவே இல்லை. பி.ஏ. முடித்து மூன்று வருடமாக வீட்டில் இருக்கிற பிள்ளை. பழைய புத்தகக் கடையில் வெளிநாட்டு உடற்பயிற்சிப் பத்திரிகைகளாக வாங்கி அடுக்கி, பதினான்கு பயிற்சிகள் கொண்ட ஒரு பெரிய அட்டவணை தயாரித்திருந்தான். தீபாவளி சமயத்தில் அதை ஒரே வாரம் செய்து பார்த்த செல்வமணிக்கு வலது மணிக்கட்டு வீங்கி, பத்து நாள் காப்பித் தம்ளரைக்கூட இடது கையால்தான் தூக்கினாள். அந்த அட்டவணை அதோடு போயிற்று என்று நினைத்தீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அன்று காலை அவன் சட்டைப் பையில் அது மடிப்புக் கலையாமல் இருந்தது.

அப்பா மந்திரமூர்த்தி காய்கறி மண்டியில் எடைக்காரர். இருபத்தாறு வருடமாகத் தராசோடு நிற்கிறவர். மூட்டையை ஏற்றினால் சாக்குக்கு இவ்வளவு, கூடைக்கு இவ்வளவு என்று மனத்துக்குள் கழித்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார். மகள் தூக்கும் மணல் மூட்டைகளையும் அவரே மண்டியில் நிறுத்துக் கொண்டுவந்து, இரும்புத் தண்டின் இரண்டு முனையிலும் கட்டிக் கொடுப்பார். அவர் "அறுவத்தஞ்சு" என்றால் அறுபத்தைந்து. அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சே கிடையாது.

மாவட்டப் பெண்கள் வலுதூக்கும் போட்டி பாளையங்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணவறை போடுகிற மேடையில் கனத்த பலகைகளைப் பரப்பி, நடுவே கம்பியை வைத்திருந்தார்கள். போன முகூர்த்தத்து மணமக்களின் பெயர் தெர்மோகோல் எழுத்தில் சுவரில் அப்படியே இருந்தது.

"ஏட்டி, உனக்குக் கல்யாணத்துக்கு முந்தியே மணவறை கெடச்சிட்டு" என்றான் இசக்கிதுரை.

"பேசாம வாண்ணே" என்றாள் செல்வமணி.

விளையாட்டுப் பேசுகிற நேரமா அது? ஐம்பத்திரண்டு கிலோ பிரிவில் மாநிலத்துக்குப் போவது ஒரே ஒருத்திதான். இரண்டு வருடமாக அந்த இடம் கல்லூரி மாணவி யூனிஸுக்கே போய்க்கொண்டிருந்தது. யூனிஸுக்குத் தடித்த தோல் பெல்ட் இருந்தது, அதற்கென்றே வாங்கிய ஷூ இருந்தது, கை தட்ட ஒரு வரிசைத் தோழிகள் இருந்தார்கள். செல்வமணிக்கு அப்பாவும் அண்ணனும் இருந்தார்கள், காலில் ரப்பர் செருப்பு.

முதலில் உட்கார்ந்து எழும் சுற்று. ஆளுக்கு மூன்று வாய்ப்பு, அதில் தேறியதில் அதிக எடையே கணக்கு. மூன்று சுற்றின் கணக்கையும் கூட்டி, அதிகம் வந்தவருக்கே வெற்றி. செல்வமணி ஐம்பத்தைந்து, அறுபது, அறுபத்தைந்து என்று எழுதிக் கொடுத்திருந்தாள்.

ஐம்பத்தைந்தைத் தோளில் வாங்கியவள் திரும்பி அப்பாவைப் பார்த்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். துவைத்த துணி மூட்டையைத் தூக்கின மாதிரி இருந்தது.

"அப்பா, இது கனக்கவே இல்லப்பா."

"பதட்டத்துல அப்படித்தான் தெரியும் தாயி. எழுதிக் குடுத்தத மாத்தாத. ஏத்திப் பழகாத எடைய மேடையில கேக்கக் கூடாதுன்னு நீதானே சொல்லுவ?"

அறுபதும் போனது. அறுபத்தைந்தையும் பஸ்ஸில் இடம் கிடைத்து உட்கார்ந்து எழுந்த மாதிரி முடித்துவிட்டு இறங்கி வந்தாள். வியர்வைகூட இல்லை. அதே சுற்றில் யூனிஸ் பல்லைக் கடித்துக்கொண்டு எண்பத்தைந்தில் எழுந்தாள். மண்டபமே கைதட்டியது.

இருபது கிலோ பின்னால் நின்றாள் செல்வமணி. திருப்பூர் பஸ் அவள் காதுக்குள் ஹாரன் அடித்தது.

மந்திரமூர்த்திக்கோ வேறு விஷயம் உறுத்தியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே நடுவர் மேஜைக்கே போய்விட்டார். தலைமை நடுவர் ஞானசம்பந்தன் ஒரு பள்ளிக்கூட உடற்கல்வி ஆசிரியர், கழுத்தில் விசிலோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி, ஒரு நிமிசம். ஒங்க எடை குறையுது."

"என்னது?"

"எடை குறையுதுங்கேன். நான் இருவத்தாறு வருசம் தராசு பிடிச்சவன். எம் மக அறுவத்தஞ்சு தூக்குனா மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இது அறுவத்தஞ்சு இல்ல. எந்தக் கடையில வாங்குனீங்களோ, நல்லா ஏமாத்திட்டான்."

முன்வரிசை கொல்லென்று சிரித்தது. இசக்கிதுரை, "அப்பா வாங்கப்பா, மானம் போவுது" என்று சட்டையைப் பிடித்து இழுத்தான். அவர் அசையவில்லை. எடையில் பிசகு என்றால் மந்திரமூர்த்தி மாவட்டக் கலெக்டரிடமே மல்லுக்கு நிற்பார்.

ஞானசம்பந்தனுக்குக் கோபம் வரவில்லை. எழுந்து மேடைக்கே அழைத்துப் போனார்.

"எண்ணிக்காட்டுதேன், பாத்துக்கிடுங்க. கம்பி இருவது கிலோ. ரெண்டு பக்கமும் தட்டு நழுவாம பூட்டு, ஒண்ணு ரெண்டரை. ஆச்சா இருவத்தஞ்சு? இந்தப் பக்கம் தட்டு இருவது, அந்தப் பக்கம் இருவது. மொத்தம் அறுவத்தஞ்சு. சரிதானா?"

மந்திரமூர்த்தி குனிந்து கம்பியை விரலால் தட்டிப் பார்த்தார்.

"கம்பியையுமா சேப்பீங்க?"

"பின்ன? அதையும் பிள்ளதானவே தூக்குது! நானே ஒங்கள்ட்ட கேக்கணும்னு இருந்தேன். அடுத்த சுற்றுக்கு இருவத்தஞ்சுன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. வெறும் கம்பியத் தூக்கவா வீட்டுலருந்து மூணு பேரு கெளம்பி வந்தீங்க?"

அவ்வளவுதான். மந்திரமூர்த்தி அங்கிருந்த இரும்பு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

இருபத்தாறு வருடப் பழக்கம் செய்த வேலை அது. சாக்கைக் கழி, கூடையைக் கழி, சரக்கை மட்டும் சொல். மகள் தூக்கிய சுமையிலும் மணலை மட்டும் எண்ணினார். தண்டு அவருக்குச் சாக்கு மாதிரி, கணக்கிலேயே வராது.

"ஏம்ப்பா, நம்ம தண்டு எத்தன கிலோ இருக்கும்?" என்றாள் செல்வமணி.

"இருவத்திரண்டு. பழைய இரும்புக் கடையில நிறுத்துத்தான வாங்குனேன்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எட்டு மாசமா ஒன்னையக் கொறச்சே சொல்லிருக்கேன் தாயி. மண்டிக்காரனுக்கு ஒரு கிலோ கொறஞ்சா ஊரக் கூட்டுவேன். எம் பிள்ளைக்கு வாரா வாரம் இருவத்திரண்டு கிலோவ முழுங்கிட்டு நின்னிருக்கேன்."

"அப்போ நான் எம்பத்தேழுலயா உக்காந்து எந்திச்சேன்?"

"ஆமா."

"அஞ்சு தடவையா? அஞ்சு சுத்தா?"

"ஆமா தாயி."

"அய்யோ அப்பா!" என்று அவள் போட்ட கூச்சலில் யூனிஸின் தோழிகள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவின் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள். அழவேண்டிய இடத்தில் இந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வந்தது. போனது ஒரு சுற்று, இன்னும் இரண்டு இருக்கிறதே!

இசக்கிதுரை அதற்குள் பேனாவை எடுத்திருந்தான். குறை சொல்லக் கூடாது, கணக்கில் பையன் கெட்டிக்காரன். உள்ளங்கையில் எழுதிப் பார்த்துவிட்டு மேஜைக்கு ஓடினான். படுத்துத் தள்ளும் சுற்றுக்கு இருபத்தைந்தை அடித்து நாற்பது என்று மாற்றிக் கொடுத்துவிட்டு மூச்சிரைக்க வந்தான்.

"சரியாட்டி?"

"சரிண்ணே. வீட்டுல நாப்பத்தேழு தள்ளிருக்கேன்லா, இப்பந்தான தெரியுது."

நாற்பது ஏறியது. நாற்பத்தைந்து ஏறியது. மூன்றாவதாக ஐம்பது கேட்டாள். கம்பி நெஞ்சில் இறங்கி ஒரு நொடி அங்கேயே தங்கியது. பிறகு பைய மேலே போனது. நடுவர்கள் மூன்று பேரும் செல்லும் என்று வெள்ளைக் கொடியை உயர்த்தினார்கள். யூனிஸுக்கு இந்தச் சுற்றில் நாற்பத்திரண்டரைதான். முதல்முறையாக யூனிஸ் செல்வமணியின் பக்கம் திரும்பி, ரப்பர் செருப்பிலிருந்து தலைவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"நீ எந்த ஜிம்?"

"பொறவாசல்" என்றாள் செல்வமணி.

"அது எங்க இருக்கு?"

"எங்க வீட்டுக்குப் பின்னால."

யூனிஸ் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். நல்ல பெண்தான். என்ன செய்வது, இடம் ஒன்றுதானே இருக்கிறது.

கடைசிச் சுற்று, தரையிலிருந்து தூக்குவது. யூனிஸ் தன் மூன்றாவது வாய்ப்பில் நூற்றைந்தைத் தூக்கி முடித்தாள். செல்வமணியும் இரண்டாவது வாய்ப்பிலேயே நூற்றைந்தைத் தொட்டுவிட்டாள். ஆனால் முதல் சுற்றில் விட்டது விட்டதுதானே? இன்னும் பன்னிரண்டரை கிலோ பின்னால். சமமாக வந்தாலும் போதாது. சமம் என்றால் உடல் எடை குறைந்தவருக்கு வெற்றி, யூனிஸ் முந்நூறு கிராம் குறைவு.

இசக்கிதுரை உள்ளங்கையை மூன்று தடவை அழித்து எழுதினான். மூன்று தடவையும் ஒரே விடை.

"நூத்தி இருவது வேணும்ட்டி."

தண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் வீட்டில் அவள் தூக்கியது நூற்றிரண்டு. இங்கே தொட்டது நூற்றைந்து. அதற்கும் மேலே பதினைந்து கிலோ, ஒரே தாவலில்.

"அஞ்சு தடவ தூக்குதவளுக்கு ஒரு தடவைன்னா கூட வரும்" என்றார் மந்திரமூர்த்தி. "எவ்வளவு கூட வரும்னு எனக்குச் சொல்லத் தெரியல தாயி." எடையைப் பற்றிக் கேட்டு மந்திரமூர்த்தி தெரியவில்லை என்று சொன்னது அன்றுதான்.

இசக்கிதுரை சட்டைப் பையிலிருந்து அட்டவணையை உருவினான். "நான் சொல்லுதத ஒரு தடவ கேளு. காலு ரெண்டையும் நல்லா அகட்டி வச்சு, கையி உள்ளார வர்ற மாதிரி பிடி. ரஷ்யாக்காரிய எல்லாம் அப்படித்தான் தூக்குதாளுவ. தூரம் கொறையும். படம் போட்டிருக்கான் பாரு."

"அண்ணே."

"பன்னண்டாவது பயிற்சி இது. நீ அப்பமே பழகிருந்தா..."

"அண்ணே, நான் எட்டு மாசமா காலச் சேத்து வச்சுத்தான் தூக்குதேன். எனக்கு அது ஒண்ணுதான் தெரியும். தெரிஞ்சத வச்சுத்தான் தூக்குவேன். போயி நூத்தி இருவதுன்னு எழுதிக் குடு, போ."

அவன் அட்டவணையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு போய் எழுதிக் கொடுத்தான்.

கம்பியில் தட்டுகளை மாட்டிக்கொண்டிருந்தபோது மண்டப வாசலில் ஒரு சலசலப்பு. செல்வமணி கையில் சுண்ணப்பொடியைத் தேய்த்தபடி நிமிர்ந்து பார்த்தாள். அம்மா நின்றாள்!

சுடலைவடிவு தனியாக வரவில்லை. பக்கத்தில் அவள் தங்கை பேச்சியம்மாள், அதுதான் திருப்பூர்ச் சித்தி. இருவருக்கும் நடுவே புடைத்துப்போன ஒரு துணிப்பை. பனியன் கம்பெனியிலிருந்து சித்திக்குக் காலையில் போன் வந்திருக்கிறது. புது ஆட்களை நாளைக் காலையில் எடுக்கிறார்களாம். இன்று மூன்று மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் உண்டு. போட்டி முடிவாவது ஒன்றாவது என்று சுடலைவடிவு மகளுடைய துணிமணிகளை அடைத்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டாள். மண்டபக் கடிகாரத்தில் மணி இரண்டு.

"செல்வமணி, வண்ணார்பேட்டை, மூன்றாவது வாய்ப்பு, நூற்றி இருபது கிலோ" என்று மைக் அழைத்தது.

"நூத்தி இருவதா?" சுடலைவடிவு பக்கத்திலிருந்தவரைப் பிடித்துக்கொண்டாள். "ஒரு நெல்லு மூட்டையும் அதுக்கு மேல பாதியும்லா அது! யாரு தூக்கப் போறா?"

"அந்தா நிக்குதே, அந்தப் பிள்ளதான்" என்றார் அவர்.

மகள் எடை தூக்குகிறாள் என்று சத்தம் போட்டாளே தவிர, எட்டு மாதத்தில் ஒருநாள்கூட அவள் புறவாசலுக்கு வந்து பார்த்தவள் இல்லை. மணலும் சாக்குமாகப் பிள்ளை விளையாட்டு என்றுதான் நினைத்திருந்தாள்.

செல்வமணி செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலோடு கம்பி முன்னால் போய் நின்றாள். காலைச் சேர்த்து வைத்தாள். குனிந்தாள், பிடித்தாள், மூச்சை இழுத்து அடக்கினாள்.

கம்பி அசையவில்லை.

மந்திரமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். இசக்கிதுரை கையிலிருந்த அட்டவணை கசங்கிக்கொண்டிருந்தது. செல்வமணி விடவில்லை. புறவாசலில் எப்படி இழுப்பாளோ அப்படியே, காலால் தரையைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். தட்டுகள் பலகையை விட்டு ஒரு விரல் எழும்பின. இன்னும் ஒரு விரல். கணுக்காலைத் தாண்டிற்று. முழங்காலுக்கு வந்தது. முழங்காலிலேயே நின்றுவிட்டது.

கால் நடுங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டு நொடி இருக்குமா? இரண்டு யுகம் என்றுதான் மந்திரமூர்த்தி இன்றைக்கும் சொல்கிறார்.

"விட்ராதட்டி!"

மண்டபத்தின் கடைசியிலிருந்து அந்தக் குரல் வந்தது. போன வாரம் தெருவைக் கூட்டிய அதே குரல். "ஏ எஞ்செல்லம், விட்ராத! இழுட்டி! இன்னும் கொஞ்சந்தான், இழு!" துணிப்பையைத் தங்கையின் தலையில் போடாத குறையாகத் தள்ளிவிட்டு, நாற்காலிகளை இடித்துக்கொண்டு சுடலைவடிவு மேடையை நோக்கி ஓடி வந்தாள். முன்வரிசை எழுந்தது, பின்வரிசை எழுந்தது. யூனிஸ்கூட, "இழு, இழு!" என்று கத்தினாள்.

கம்பி தொடையைத் தொட்டது. செல்வமணி நிமிர்ந்தாள்.

நிமிர்ந்து நின்றாள். நடுவர் கையை இறக்கும்வரை நிற்க வேண்டும். ஞானசம்பந்தன் கையை இறக்கினார். கம்பி பலகையில் இறங்கிய சத்தத்தில் சுவரிலிருந்த மணமகன் பெயரில் ஓர் எழுத்து உதிர்ந்தது.

மூன்று வெள்ளைக் கொடி!

அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் ஆகாது. மந்திரமூர்த்தி நடுவரைக் கட்டிப்பிடித்தார். சுடலைவடிவு மேடையில் ஏறி மகளின் சிவந்துபோன உள்ளங்கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். "ஒன்னையப் போயி பனியன் தைக்க அனுப்பப் பாத்தேனே, எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு" என்றாள். செல்வமணி அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். யூனிஸ் வந்து கை கொடுத்தாள்.

"உண்மையைச் சொல்லு. மொத்தம் எத்தன பயிற்சி செய்வ?"

"மூணு."

"ஒரு நாளைக்கா?"

"மொத்தமே மூணுதான்க்கா."

யூனிஸ் நம்பவில்லை. நம்பாமலே சிரித்துவிட்டுப் போனாள்.

எல்லோரும் சிரித்த நேரத்தில் சிரிக்காமல் நின்றது பேச்சியம்மாள் ஒருத்திதான்.

"எக்கா, எல்லாஞ் சரி. நான் குடுத்த வாக்கு என்ன ஆவுது? நாளைக்குக் காலையில ஒரு ஆளக் கொண்டாந்து நிப்பாட்டுதேன்னு மொதலாளிகிட்ட சொல்லியாச்சு. டிக்கெட்டும் ரெண்டு எடுத்தாச்சு. இப்ப நான் யாரக் கூட்டிட்டுப் போவ?"

சுடலைவடிவு கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். அவள் பார்வை மண்டபத்தைச் சுற்றி வந்து மேடைக்குக் கீழே ஓரிடத்தில் நின்றது. அங்கே இசக்கிதுரை கசங்கிய அட்டவணையை நீவிவிட்டபடி, யூனிஸின் தோழிகள் நான்கு பேருக்கு விளக்கிக்கொண்டிருந்தான். "இதுல மொத்தம் பதினாலு இருக்கு பாத்துக்கிடுங்க. எல்லாம் நம்ம தயாரிச்சது. தங்கச்சிக்கு நான்தான் கோச்சு..."

"ஏலே தொர, இங்க வா."

வந்தான்.

"பஸ்ஸு மூணு மணிக்கு. இப்பவே மணி ரெண்டேகால். தாவணி, பாவாடைய மட்டும் வெளிய எடுத்துருதேன். ஒனக்குச் சட்டை அங்க வாங்கிக்கிடலாம்."

"எனக்கா? யம்மா, என்ன சொல்லுத?"

"தையல் மிசினு ஆம்பள பொம்பள பாக்காதுலே. சித்தி வாக்குக் குடுத்துட்டா." அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பத்து வயதிலிருந்து பீடி சுற்றிய விரல்கள். அந்தப் பிடியிலிருந்து தப்பிய ஆள் அந்தக் குடும்பத்தில் இல்லை.

அந்தச் சமயம் பார்த்து மைக் கரகரத்தது. "ஐம்பத்திரண்டு கிலோ பிரிவில் மாநிலப் போட்டிக்குத் தேர்வானவர், எம். செல்வமணி!" கைதட்டல் அடங்கக் காத்திருந்து ஞானசம்பந்தன் தொடர்ந்தார். "அடுத்த மாசம் ஈரோட்டுல போட்டி. பிள்ளையோட பயிற்சியாளரும் கூடப் போவணும். பேர எழுதணும். யாருப்பா பயிற்சியாளர்? வெரசா மேல வாங்க."

இசக்கிதுரைக்கு உயிர் வந்தது. "யம்மா, கூப்பிடுதாங்கம்மா! என்னையத்தான் கூப்பிடுதாங்க! விடும்மா!" என்று துள்ளினான். சுடலைவடிவு பிடியைத் தளர்த்தவில்லை. அவன் மேடையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். "ஏட்டி மணி, சொல்லேன்ட்டி! நான்தான்னு ஒரு வார்த்த சொல்லு!"

செல்வமணி அண்ணனைப் பார்த்தாள். அவன் உள்ளங்கையில் இன்னும் மை காயாமல் இருந்த எண்களைப் பார்த்தாள். தன்னுடைய வலது மணிக்கட்டையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு ஞானசம்பந்தன் நீட்டிய மைக்கை வாங்கினாள்.

"பயிற்சியாளர்னு யாரும் இல்ல சார்" என்றாள். "அண்ணன் திருப்பூர் போறான்."